அப்பாவின் இடது கால்

பதினோரு மணி நேரம் தூங்கினேன். அப்பாவை முதல் முறை மருத்துவமனையில் சேர்த்த அன்று. எழுந்தபோது தலையணையின் மடிப்பு கன்னத்தில் பதிந்திருந்தது. அதைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக்காக ஒவ்வொரு காயத்துக்கும் உரிய குறியீட்டைப் போடுவேன். எலி கடித்தால் ஒன்று. சுண்டெலிக்கு வேறு. அணிலுக்கும் உண்டு. கடிக்காமல் பிறாண்டினால் அது தனி. மருத்துவர் எழுதாததை நாங்கள் சேர்க்கக் கூடாது. எனக்குப் பிடித்த விதி அதுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி கிடையாது. இரவில் விழிப்பு வந்ததும் கூப்பிடுவார்.

"குட்டி, இருக்கியா?"

"இருக்கேன்பா."

"சரி, தூங்கு."

அரை மணி நேரத்தில் மறுபடியும். வேறு எதுவும் கேட்கமாட்டார். இரண்டு வருடங்கள் இப்படி.

ஒரு வாரம் வந்து இருக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். "நீ வீட்ல இருந்துதானே வேலை பாக்குற? அப்படியே அவரையும் பாத்துக்க வேண்டியதுதானே. இதுக்குப் போய் அலட்டிக்கிற" என்றான். சில நாள் அப்பாவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையிலும் கேட்டேன். மகளுக்குத் தூக்கமில்லை என்றால் அப்பாவுக்குப் படுக்கை தரமாட்டார்கள்.

பிறகு எலி வந்தது, குளியலறைத் தண்ணீர் போகும் துளை வழியாக. அதில் எனக்குப் பங்கில்லை. காலையில் போர்வையில் ரத்தம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை நோயாளி, பாதத்தில் கடி என்றதும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். நான்கு நாட்கள்.

"பெத்த பையன் எட்டிப் பாக்கல. எலியாவது வந்து பாத்துட்டுப் போச்சே" என்று அப்பா செவிலியரிடம் சொல்லிச் சிரித்தார்.

வீடு திரும்பியதும் துளைக்குக் கம்பிவலை வைத்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துவிட்டேன். தண்ணீர் தேங்கியது.

இரண்டாவது கடியையும் முதல் சிகிச்சை என்றுதான் பதிய வேண்டும். ஒவ்வொரு கடியும் புதுக் காயம். பழையது அதில் சேராது. வேலையில் எத்தனையோ முறை அப்படிப் போட்டிருக்கிறேன். அது இவ்வளவு ஆறுதலான விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, வீட்ல யாரும் இல்லையா?"

"நான் இருக்கேன் சார்."

குறிப்பில் எலிக்கடி என்று மட்டும் எழுதினார்.

கால் அழுகி, கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. கடைசி இரவும் அப்பா கேட்டிருக்கிறார், இருக்கியா என்று. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். செவிலியர்தான் "இருக்கேன்பா" என்று சொன்னாராம். நல்ல பெண்.

எலி ஏன் ஒவ்வொரு முறையும் இடது காலையே கடித்தது என்று கேட்கிறீர்கள். படுக்கும் முன் இரண்டு பாதங்களிலும் வெடிப்புக்கு மருந்து தடவுவேன் என்று சொல்லியிருந்தேன். வலது பாதத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அந்தக் காலை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அப்பா பிறகு நடக்க வேண்டும் அல்லவா?

இடது பாதத்தில் வெண்ணெய் தடவினேன்.