அரை சென்டிமீட்டர்

அந்த நாற்காலில உக்காராதீங்க சார், அதுக்கும் என்ன மாதிரி ஒரு கால் கட்டை. ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. சிரிக்கலாம் சார், தப்பில்ல. என் காலப் பத்தி நானே தமாஷ் சொல்லும்போது நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டா எனக்குல்லா சங்கடம்.

என்ன சொன்னீங்க, பாராட்டு விழா. உங்க தமிழ்ச் சங்கத்துல, ஞாயித்துக்கிழம சாயந்திரம். மேடைக்குப் படி உண்டா? இல்ல, ஏற எனக்குத் தெரியும். ஏறுத நேரத்துல ரெண்டு பக்கமும் ஆள் வந்து கையப் புடிப்பாங்கள்ளா, அதுக்குத்தான் கேட்டேன். போன தடவ ஒரு பெரிய மனுஷன் என்னத் தாங்குதேன்னு வந்து அவரே வேட்டி தடுக்கி விழப் பாத்தாரு. நான்தான் புடிச்சு நிறுத்தினேன். மறுநாள் பேப்பர்ல போட்டோவுக்குக் கீழ என்ன போட்டிருந்தான் தெரியுமா? வீராங்கனைக்குக் கை கொடுத்தார்னு.

பொன்னாடை வேண்டாம்னு சொல்லுவேனா? அந்தா ஜன்னல்ல திரையாத் தொங்குதே, அது போன வருஷத்து நம்பிக்கை நட்சத்திரம். அடுக்களையில தொங்குதது சிங்கப்பெண். எங்கம்மா மாடம்மாள் ஓட்டல்ல சமையலுக்குப் போறவ, அவளுக்கு எதையும் வீணாக்கப் புடிக்காது. ஒரு செருப்புக்கட முதலாளி மேடையில வச்சு ஷூ தந்தாரு. விலை கூடின ஷூதான், கைதட்டல்னா கைதட்டல். வீட்டுல வந்து பாத்தா ரெண்டும் ஒரே உயரம். ஊரு பூரா என் காலத்தான் பாக்குது, ஒருத்தனும் ஒழுங்காப் பாக்கல.

ஆமா, அனுஷா. வெறும் அனுஷா போதும். பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடாதீங்க, ஸ்ரீகண்டன் சார். தன்னம்பிக்கைன்னு ஒரு வார்த்த வச்சிருப்பீங்க பாத்தீங்களா, அதைத்தான் சொல்லுதேன்.

பிறவியிலயே சார். வலது காலு கட்டை. இங்க பக்கத்து வீட்டு மலையாளத்துப் பொம்பளைங்க வய்யாத்த கொச்சும்பாங்க, முடியாத பிள்ளைன்னு. சொந்த ஊரு வள்ளியூருக்குப் போனா ஏலாத பிள்ள. ரெண்டு பாஷையிலயும் எனக்குப் பேரு உண்டு. பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியட்ல எல்லாரும் ஓடும்போது நான் அவிய பைக்குக் காவல். ஒரு பை காணாமப் போனதில்ல. அதுக்கு ஒரு மெடல் தந்திருக்கலாம்.

எங்கப்பா லிங்கம் கொத்தனாரு. கவடியார் பக்கம் ஒரு பெரிய பிளாட் கட்டினாங்க. ஒரு பாதியில ஆளு குடிவந்தாச்சு, அதுக்குள்ளயே ஷட்டில் கோர்ட்டு. அப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன். யோசுவா மாஸ்டர் பிளாட்டுப் பிள்ளைகளுக்கு அங்க ஆடச் சொல்லிக் குடுப்பாரு. வெளிய வந்து விழுத ஷட்டிலப் பொறுக்கிப் போட ஆள் வேணும், மோளே நில்லுன்னாரு. நான் பொறுக்கிப் போடல, அங்க கெடந்த ஒரு பழைய பேட்டால திருப்பி அடிச்சேன். பைக்குக் காவல் இருந்து இருந்து எனக்குக் கண்ணு அலையாது சார். ஆளு எங்க அடிக்கப் போறான்னு தோள்பட்டையப் பாத்தாத் தெரிஞ்சிரும்.

ஒரு மாசத்துல மாஸ்டர் என்ன உள்ள எறக்கினாரு. ஒரு டாக்டரம்மா மகளத் தோக்கடிச்சேன். அந்தம்மா எல்லார்கிட்டயும், பாவம் அந்தக் கொச்சு, என் மோள் விட்டுக்கொடுத்ததாக்கும்னு சொன்னாங்க. மறுநாளும் விட்டுக்கொடுத்தா. அடுத்த வாரமும் விட்டுக்கொடுத்தா. அந்த வருஷம் பூரா அந்தப் பிள்ள கருணையே வடிவா இருந்துச்சு.

மாஸ்டர்தான் சொன்னாரு, உன்ன மாதிரி உள்ளவங்களுக்குத் தனியா போட்டி உண்டுன்னு. முதல்ல எனக்கு ஒரு மாதிரி வந்துச்சு. உன்ன மாதிரின்னா என்ன மாதிரி? ஆனா போனேன். வடக்க, ரயில்ல ரெண்டு ராத்திரி. அந்த ஸ்டேடியத்துல நுழைஞ்சா சார், ஒரு கை இல்லாதவங்க, வீல்சேர்ல உள்ளவங்க, என் இடுப்பு உயரம் உள்ளவங்க, எல்லாரும் வேர்க்க வேர்க்க ஆடுதாங்க, அம்பயர்கிட்ட சண்ட போடுதாங்க. என் காலப் பாக்க அங்க ஒருத்தருக்கும் நேரமில்ல. என் பேக்ஹேண்டப் பாத்துட்டு ஒரு மகாராஷ்டிராக்காரி மூஞ்சி கறுத்துச்சு. ஒருத்தர் என்னப் பாத்துப் பயப்படுதத அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?

வெங்கலம் வாங்கினேன், மறு வருஷம் வெள்ளி. உடனே பத்திரிக்கையில ஊனத்தை வென்ற மங்கைன்னு போட்டாச்சு. நான் ஊனத்த எங்க சார் வென்றேன்? மகாராஷ்டிராக்காரியத்தான் வென்றேன். அவளுக்கும் ஊனம்தான். அப்பம் என்ன கணக்கு? அவ ஊனத்துகிட்டத் தோத்துட்டாளா?

குடிங்க சார், ஆறிப்போகும். சீனி கூடிட்டோ?

தாய்லாந்தா? போனேனே. ஏர்போர்ட்ல மாலை போட்டு அனுப்பினாங்க, நீங்களும் வந்திருந்தீங்க. நல்ல ஊரு. சுத்தம். சாப்பாட்டுலதான் எல்லாத்துலயும் மீன் வாடை, நம்ம விழிஞ்ஞம் தோத்துப் போகும்.

ம்ம். போட்டி ரிசல்ட்டுல தேடினீங்களா? என் பேரே இல்லையா? ஸ்பெல்லிங் மாறியிருக்கும் சார், அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு நம்ம பேரு வாயில நுழையாது.

வேண்டாம் சார். போன் எடுக்காதீங்க. டெல்லிக்கெல்லாம் கூப்பிட்டுக் கேக்க வேண்டாம். சொல்லுதேன். அந்தப் பேனாவ மூடி வச்சிட்டுக் கேளுங்க.

நான் ஆடல.

இங்க உள்ள போட்டிக்கு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் போதும்; வெளிநாட்டுப் போட்டியில முதல் தடவ ஆடுதவங்கள நடத்துதவியளே பரிசோதிப்பாங்க. உண்மையிலயே ஊனம்தானா, எவ்வளவு ஊனம்னு. நல்லதுதான், இல்லேன்னா கள்ளன் நுழைஞ்சிருவான். மூணு பேரு இருந்தாங்க. படுக்க வச்சு, இடுப்பெலும்புல இருந்து கணுக்கால் வரைக்கும் டேப்பு வச்சு அளந்தாங்க. ஒருத்தர் அளந்து முடிச்சு இன்னொருத்தர், பொறவு மூணாவது ஆளு. அப்பா செவுத்துக்கு நூல் புடிக்குத மாதிரியே, அவ்வளவு பொறுமை. பொறவு உக்கார வச்சுச் சொன்னாங்க. ரெண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் அவிய வச்சிருக்குத அளவுக்குப் போதலையாம். அரை சென்டிமீட்டர் குறையுதாம். உன்ன இதுல சேக்க முடியாதுன்னு. அதுல ஒரு வெள்ளக்காரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, ஒரு விதத்துல இது உனக்குச் சந்தோஷமான செய்திதானேன்னா.

பொறந்ததுல இருந்து ஊரே நொண்டின்னு சொல்லுது, நான் இல்ல இல்லன்னு நிக்குதேன். அங்க அவிய மூணு பேரும் இல்லைங்காங்க, நான் ஆமா ஆமாங்கேன். கெஞ்சினேன் சார். எழுந்து நடந்து காட்டினேன். பாருங்க, எப்படி நொண்டி விந்துதேன் பாருங்கன்னு, இந்த ரூம் நீளத்துக்கு அங்கயும் இங்கயும் நடந்தேன். எந்த மேடையிலயும் அப்படி நடந்தது கிடையாது. கொஞ்சம் கூட்டி விந்தினேனோ என்னவோ. அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா.

மிச்ச நாளெல்லாம் கேலரியில உக்காந்து மத்தவங்களுக்குக் கைதட்டினேன். அந்த மகாராஷ்டிராக்காரி காலிறுதி வரைக்கும் வந்தா. தோத்துட்டு வந்து என் மடியில தல வச்சுத் தேம்பினா. அழுறதுக்கு அவளுக்கு ஒரு தோல்வியாவது இருந்துச்சு.

இல்ல சார், மறு அளவும் எடுத்தாச்சு. அதே அளவுதான். எலும்பு என்ன, கெஞ்சினா இரங்குமா? மாஸ்டர் இப்பம் சொல்லுதாரு, எல்லாரும் ஆடுத ஜில்லா போட்டியில பேரு குடுப்போம்னு. குடுக்கலாம். அங்க வேகமா ஓடுத பிள்ளைகள்கிட்ட இந்தக் கால வச்சுட்டு எத்தன ரவுண்டு? நல்ல காலுக்குக் குறையுது, கெட்ட காலுக்குக் கூடுது. திரிசங்கு சொர்க்கமாக்கும் எனக்கு.

அது இல்ல சார் விஷயம். இன்னொண்ணு இருக்கு. அந்த அளவு ஏன் குறையுதுன்னு மாஸ்டருக்கு மட்டுந்தான் தெரியும்.

ஷட்டில் ஆட வாறதுக்கு முன்னாடி என் காலு இன்னும் கட்டையா இருந்துச்சு. பதினஞ்சு வயசுல ஒரு ஆப்பரேஷன் பண்ணினாங்க. பொம்பளப் பிள்ள, ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமேன்னு அம்மாவுக்கு ஆவலாதி. காலச் சுத்தி இரும்பு வளையம், எலும்புக்குள்ள கம்பி. வீட்டுல வச்சு தெனமும் நட்டக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகணும். எலும்பு விலக விலக நடுவுல புதுசா வளரும். அப்பாதான் திருகுவாரு. அந்தக் கட்டில்லதான் படுத்திருப்பேன், நீங்க இருக்குததுதான். சாந்து புடிக்குத கையில அந்தச் சின்ன ஸ்பேனர் நிக்காது. திருகும்போது மணல் கிடைக்கல, மேஸ்திரி ஏசினான்னு ஊர்க்கத பேசிக்கிட்டே திருகுவாரு. வலிக்குதான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா நான் ஆமான்னுருவேன்னு பயம். நான் தலகாணியக் கடிச்சுட்டுக் கெடப்பேன்.

பொறவு கம்பி போன எடத்துல சீழ் வச்சுது, டாக்டர் கழத்திட்டாரு. ரெண்டு சென்டிமீட்டர் வளந்துச்சு. டாக்டருக்குத் திருப்தி இல்ல. அப்பாவுக்கு அது மலை. இன்னைக்கும் சாயாக்கடையில சொல்லுவாரு, வீடு எந்தக் கொத்தனும் கட்டுவான், நான் எம் மகளுக்குக் காலு கட்டினவனாக்கும்னு.

ஆமா சார். அந்த ரெண்டுதான். அது இல்லேன்னா நான் அன்னைக்குக் கோர்ட்டுல நின்னுருப்பேன்.

அப்பா கணக்குல புலி. அரை சென்டிமீட்டர்னு ஒரு வார்த்த காதுல விழுந்தாப் போதும், ஒரு நிமிஷத்துல கூட்டிக் கழிச்சுருவாரு. அதனால வீட்டுல ஆடித் தோத்துட்டேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் வருத்தப்பட்டாரு. பொறவு, தோக்காம ஆரு இருக்கா, அடுத்த தடவ பாப்போம்னு எனக்குச் சமாதானம் சொல்லுதாரு.

நான் வாறேன் சார் ஞாயித்துக்கிழம. நீங்க என்ன வேணும்னாலும் போத்துங்க, எவன் வேணும்னாலும் கையப் புடிச்சு ஏத்தட்டும், சிங்கப்பெண்ணுன்னு கூடச் சொல்லுங்க, நின்னுக்கிடுதேன். அப்பா வெள்ளச் சட்டையத் தேச்சு வச்சாச்சு, முன்னாடி வரிசையில வந்து இருப்பாரு. மைக்ல மட்டும், தாய்லாந்துல முதல் ரவுண்டுல தோத்துட்டான்னு தெளிவாச் சொல்லிருங்க. யாருகிட்டயா? இந்தோனேசியான்னு சொல்லுங்க. அவிய நல்லா ஆடுவாங்க. அவியகிட்டத் தோத்தா அப்பாவுக்கு அவ்வளவு கேவலமா இருக்காது.