நொண்டிக்குதிரையின் கடைசிப் பக்கம்

பழைய செய்தித்தாளைத் தொடும்போது கையில் ஈரம் இருக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து இழுக்கவும் கூடாது. உள்ளங்கையை அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக நூலகத்தின் கீழ்த்தளத்தில் நான் செய்த வேலை அதுதான் சார். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசாத நாட்கள் உண்டு. மேலே போய்ச் சாவியைக் கொடுக்கும்போது குரல் கரகரத்து வரும். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நாலு பேர் கீழே இறங்கி வந்தார்கள். செஸ் விளையாட்டின் பழங்கதைகளைத் தோண்டுவதில் பைத்தியம் பிடித்தவர்கள். பெரிய படிப்பாளிகள் இல்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர், பல் மருத்துவர், பஸ் கண்டக்டர், அவருடைய மைத்துனர். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வாராவாரம் செஸ் புதிர் வந்திருக்கிறது. போட்டவர் பெயர் ‘நொண்டிக்குதிரை’. அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

நான் கட்டுகளை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். “நீங்களும் உட்காருங்க தம்பி, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?” என்றார் கடிகாரக்காரர். என் அறையில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஒரு வருஷத்தில் பல் மருத்துவருக்குச் சலித்துவிட்டது. கண்டக்டருக்கும் மைத்துனருக்கும் ஏதோ மனஸ்தாபம். ஒருவர் வந்தால் மற்றவர் வர மாட்டார் என்றாகி, கடைசியில் இரண்டு பேருமே வரவில்லை. மிஞ்சியது நாங்கள் இருவர். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை.

அவர் ஒரு புதிரைப் பலகையில் அடுக்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். “அந்தக் காலத்துல ராணிங்கிற காயே கிடையாது தம்பி. அந்த இடத்துல மந்திரிதான். ஓரடிக்கு மேல நகரவும் மாட்டாரு. அப்புறம்தான் ராணியம்மா வந்து பலகை முழுக்க ஓட ஆரம்பிச்சாங்க.” பிறகு புதிரைக் காட்டுவார். “இந்த ஆளைப் பாருங்க. எல்லாப் புதிர்லயும் கடைசி அடி ராணிதான் குடுக்குது. எனக்கென்னமோ இது பொம்பளைன்னு தோணுது.”

நான் சிரித்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய புதன்கிழமை, தனியாக இருந்தபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அடுத்த வருஷத்துக் கட்டை நான் புரட்டிப் பார்த்திருந்தேன். கடைசிப் புதிருக்குக் கீழே நொண்டிக்குதிரை தன் சொந்தப் பெயரைப் போட்டு வாசகர்களிடம் விடைபெற்றிருந்தாள். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த பெண். இரண்டு தடவை படித்தேன். அதைக் காட்டியிருந்தால் மனுஷன் துள்ளிக் குதித்திருப்பார். அடுத்த சனிக்கிழமை அவர் வருவதற்கு என்ன காரணம் இருக்கும்? பிளேடை எடுத்து அந்தப் பக்கத்தை அறுத்தேன். பிறகு எங்கெல்லாம் துப்பு இருந்ததோ அங்கெல்லாம் அறுத்தேன். மொத்தம் பத்தொன்பது தாள். நூலகச் சொத்தைச் சேதப்படுத்தியது தப்புதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

போன மாதம் அவர் சொன்னார்: “மக தன் ஊருக்கே வந்துடுங்கப்பாங்கிறா. டாக்டரும் தூசிப் பக்கமே போகாதீங்கன்னுட்டாரு. இதான் கடைசி வாரம் தம்பி.”

“அப்போ நொண்டிக்குதிரை?”

“அது கிடக்கட்டும் விடுங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருஷத்தைச் சட்டையில் ஒட்டிய தூசி மாதிரித் தட்டிவிட்டாரே என்று இருந்தது.

பின் அறையில் மழைத்தண்ணீர் புகுந்து பூஞ்சை பிடித்த கட்டுகள் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் உதறிப் பிரித்தேன். தாள் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தினேன், பறந்ததும் உண்மைதான். அவருடைய கோட்டை வாங்கி வெளியறையில் மாட்டினேன். ஆஸ்துமாவுக்கு அவர் வைத்திருக்கும் இன்ஹேலர் அதில்தான் இருக்கும்.

கால் மணி நேரத்தில் இழுப்பு வந்துவிட்டது. “தம்பி... கோட்டுப் பை...” என்றார். நான் போனேன். எடுத்தேன். பிறகு நடுக்கதவைச் சாத்திவிட்டு வெளியறை நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்புக்கு முடியாமல் போனால் பயணம் நிற்கும், பக்கத்திலேயே படுத்திருப்பார், தினமும் போய்ப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். மேஜையை இரண்டு மூன்று தடவை தட்டினார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் சத்தம் இல்லை. ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஐந்துதான் மூடுகிற நேரம். இன்ஹேலர் என் கையிலேயே இருந்தது சார். சூடேறியிருந்தது.

இப்போது ஸ்டேஷனில் வைத்து நீங்கள் அவருடைய டைரி என்று ஒன்றைக் காட்டுகிறீர்கள். எழுத்து அவருடையது மாதிரிதான் தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. ‘மகள் ஊர் நூலகத்தில் அதே பத்திரிகையின் முழுத் தொகுப்பும் இருக்கிறது. நொண்டிக்குதிரை கிடைத்துவிட்டாள். டெலிபோன்காரி. தம்பியிடம் சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டால் சனிக்கிழமை அங்கே போக ஒரு சாக்கு இருக்காது. பாவம், பேச்சுத் துணைக்கு அவருக்கு வேறு யாரும் இல்லை.’

இதை நான் நம்பத் தயாராக இல்லை சார். கெட்டிக்கார மனுஷன், சும்மா ஊகித்து எழுதி வைத்திருப்பார். உண்மையிலேயே தெரிந்திருந்தால் முதலில் என்னிடம்தான் வந்து சொல்லியிருப்பார். எங்களுக்குள் ஒளிவுமறைவு என்று எதுவுமே கிடையாது.