ஓடைப் பூங்காவின் சங்கு

எங்கள் அம்மான் நகரில் மேடு பள்ளம் இல்லாமல் நாலு எட்டு நடக்க ஓர் இடம் கிடைப்பது லேசல்ல, ஐயா. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூட்டுவலி சீக்கிரம் வருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதியில் சாலையோரம் ஒரு மழைநீர் ஓடை குப்பை நிறைந்து கிடந்தது. அதை நடைப்பூங்கா ஆக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான். நம்பியவன் ஹிக்மத். பள்ளி நாளிலிருந்தே ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நான் பொறியாளன்; அவன் வட்டார மன்ற உறுப்பினன். வறண்ட நாளில் மக்கள் நடப்பார்கள். மேல்மலையில் மழை பெய்தால் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும்; படியேறி ஒதுங்கிக்கொள்வார்கள். சங்கின் பொத்தான் என் பொறுப்பு.

இருவரும் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். பலர் கதவைச் சாத்தினார்கள். உம்மு நாஸிஃப் என்ற விதவைதான் உள்ளே கூப்பிட்டு, மரமிய்யா இலை போட்ட தேநீர் கொடுத்தாள்.

"எல்லாரும் வண்டிக்காரனுக்குத்தான் ரோடு போடுறாங்க. நடக்கிறவளுக்குன்னு யோசிச்சது நீ ஒருத்தன்தான் மவனே."

பூங்கா திறந்ததும் மாலை தவறாமல் நடக்க வந்தாள்.

மறு கோடையில் ஓடைக்குள் காப்பிக் கடைகள் வந்தன. பாதையைப் பாதி மறித்து மரத்தளங்கள், அவற்றின் மேல் மேசைகள். அனுமதி தந்தவன் ஹிக்மத். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தண்ணி எந்தப் பக்கம் போகும், ஹிக்மத்?"

"மழையா? இந்த ஊர்லயா? உட்காருப்பா, காப்பி சொல்றேன்." பக்கத்து மேசைக்காரர்களிடம் என்னைக் காட்டினான். "இவருதான் நம்ம சாக்கடைக்கு வாட்ச்மேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பி நன்றாகவே இருந்தது, ஏலக்காய் சற்றுத் தூக்கல்.

நவம்பரில் ஒரு மாலை மேல்மலைகள் கருத்தன. நீர்மானி ஏறத் தொடங்கியது. என் அறையின் கண்காணிப்புத் திரையில் ஹிக்மத் தன் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் இல்லை, அதையும் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் வழியை அடைத்தது யார் என்று ஊர் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும் என்று மட்டுமே நினைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

மரத்தளம் உயரமானது. ஹிக்மத்துக்குக் காலணிதான் நனைந்தது. சுவரைப் பற்றி ஏறிவிட்டான். தளங்களில் முட்டிய வெள்ளம் நடைபாதைப் பக்கம் திரும்பியது. அடித்துச் செல்லப்பட்டவர்கள் எல்லோரும் கீழே நடந்துகொண்டிருந்தவர்கள். இரைச்சல் கேட்டு உம்மு நாஸிஃப் நின்றாள். சங்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அது பேசாமல் இருந்ததால், தொடர்ந்து நடந்தாள். அப்போதும் பொத்தானை அழுத்த நேரம் இருந்தது என்று நீங்கள் சொல்வது சரிதான்.

சங்கு பழுது என்று முதலில் சொன்னேன். அது பொய். சங்கு நன்றாக வேலை செய்தது. நான்தான் ஒலிக்கவில்லை.

கடைகளை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டார்களாம். நான் வரைந்தபடியே பூங்கா மறுபடியும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஒருவரும் இறங்கி நடப்பதில்லை என்கிறீர்கள். பயம் தெளிந்ததும் வருவார்கள், ஐயா. அவர்களுக்காகத்தானே செய்தேன்.