ஜி திட்டக்காரர்கள் திரும்பி வருவதில்லை

கசகசா பூரணம் வைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ரிகாட் வைத்தது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்காகச் செய்வது. எங்கள் ஊரில் கோலாச்சி என்கிற இந்த இனிப்பு ரொட்டிக்குக் கசகசாதான். பல்லில் ஒட்டிக்கொள்ளும், சிரித்தால் தெரியும். செக் வம்சத்துக்காரர்கள் சிரிக்காததற்குக் காரணம் இதுதான் என்று டெல்மர் செட்லாக் சொல்வான். நீங்கள் அவன் மனைவி ஆர்டித்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். வருகிறேன். தலைநகர் லிங்கனிலிருந்து இந்தச் சோளக்காடுகளைத் தாண்டிக் காரோட்டி வந்தவரைக் காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்தால் ஊருக்கே கெட்ட பெயர்.

போனில் ரொம்பப் பக்குவமாகப் பேசினீர்கள். முதியோர் மையத்தில் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவருக்கு மெடிகேரின் எல்லா விதியும் நினைவிருக்க வேண்டும் என்று மாநில அரசு எதிர்பார்க்கவில்லை, யாருக்கும் பிசகு வரும் என்றீர்கள். அந்தப் 'பிசகு' என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

நான் இந்த ஊர்ப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். இங்கே ஸ்டீரிங் பிடிக்கிற எவரும் ஒருமுறையாவது என்னைக் கொல்லப் பார்த்தவர்கள்தான். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும், என் மனைவி ஃபிலிஸ் ஓட்டும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். "தரையில ஓட்டை போட்டுறாதீங்க, வாவ்ரா வாத்தியாரே" என்பாள். அவள் போன பிறகு எனக்கு எந்தப் பக்கத்திலும் பிரேக் தேவைப்படவில்லை. கார் நின்றேவிட்டது.

அப்போதுதான் மையத்தில் ஆள் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பயிற்சிக்குப் போனேன். கடைசியில் வைத்த தேர்வில் எனக்கு முழு மதிப்பெண். பெருமைக்குச் சொல்லவில்லை. வாக்குமூலத்துக்குத் தேவைப்படும் என்று சொல்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்பதைக் கேளுங்கள். அறுபத்தைந்து வயதானால் அரசின் மெடிகேர் காப்பீடு. மருத்துவச் செலவில் ஐந்தில் நாலு பங்கை அது கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதிக்குத்தான் துணைக் காப்பீடு. எங்கள் நெப்ராஸ்காவில் ஜி என்று எழுத்துப் போட்ட திட்டத்தை எந்தக் கம்பெனி விற்றாலும் சரக்கு ஒன்றுதான், சந்தாதான் வேறு. அது சொந்தக் கார் மாதிரி. மாதாமாதம் பெட்ரோல் போடணும், ஆனால் எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் போய் நிற்கலாம். இன்னொரு வகை, சந்தாவே இல்லாதது. மெடிகேருக்குப் பதிலாக ஒரு கம்பெனி உங்களை எடுத்துக்கொள்ளும். பல் கட்டித் தரும், கண்ணாடி தரும், உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பும். அது பஸ். இலவச பஸ். டிரைவர் போகிற இடத்துக்குத்தான் நீங்களும் போகமுடியும், இறங்குவதற்கும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

முதல் வருடம் வந்தவர்களையெல்லாம் நான் ஜியில்தான் உட்காரவைத்தேன். நல்ல வேலை செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என்ன ஆயிற்று என்றால், அவர்கள் திரும்பி வரவில்லை.

நீங்கள் நகரத்துப் பெண், எங்கள் ஊரில் விடைபெறுவது எப்படி என்று பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் தொடையைத் தட்டி "சரி, அப்ப…" என்பார்கள். ஆனால் எழ மாட்டார்கள். பிறகு எழுவார்கள், ஆனால் போக மாட்டார்கள். கதவருகே ஒரு பேச்சு, படியில் ஒரு பேச்சு, காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு. உள்ளே இருந்தவரை மழை, சோளவிலை, பேரப்பிள்ளைகள். மனசில் இருப்பது கார்க் கண்ணாடி இறங்கிய பிறகுதான் வரும். கான்சர் என்ற சொல்லை நான் கேட்டதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் சத்தத்தோடுதான். ஃபிலிஸ் இல்லாத வீட்டில் எனக்கு யார் வந்து விடைபெறுவார்கள்? அந்த ஒரு மேசையில்தான் எனக்கு அது கிடைத்தது.

ஜி எடுத்தவர்கள் ஒருமுறை விடைபெற்றால் முடிந்தது. ரோசலி குபிக்கை மளிகைக் கடையில் பார்த்தேன். "உன் தயவுல காப்பீடுங்கற நெனப்பே இல்லாம நிம்மதியா இருக்கேன் லீலண்ட்" என்றாள். என் கையைப் பிடித்துச் சொன்னாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். வெண்ணெய் அடுக்கின் முன்னால் நின்றேன், எதற்கு வந்தேன் என்று மறந்துபோனது.

இலவச பஸ்ஸோ ஒவ்வொரு வருடமும் தடம் மாறும். இந்த டாக்டர் இருக்கிறார், அவர் இல்லை, இந்த மாத்திரை போன வருடம் உண்டு, இந்த வருடம் இல்லை. அதனால் இலையுதிர் காலம் வந்தால் அதில் இருப்பவர்கள் பை நிறையத் தபால்களைக் கட்டிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். கோலாச்சி கொண்டுவருவார்கள். இடையில் ஏதாவது சிக்கல் வந்தால் அதற்கும் வருவார்கள். சிக்கல் வரத்தான் செய்யும்.

யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஒப்பிடும்போது எதை முதலில் சொல்கிறோம், எதைச் சொல்லும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்கிறோம் என்பதிலேயே காரியம் ஆகிவிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்குத் தெரியும். வாத்தியார் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் பிள்ளை திருப்பிவிடும்.

செட்லாக் தம்பதியை முதல் வருடமே ஜியில் போட்டிருந்தேன். ஆர்டித் என்னோடு பள்ளியில் படித்தவள். ஃபிலிஸ் போன பிறகு என் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போனவள். டெல்மர்தான் ஒரு நாள் ஆரம்பித்தான். "ஊர்ல எல்லாவனும் ஓசிப் பல்லு கட்டிக்கிட்டுத் திரியறான், நான் மட்டும் மாசாமாசம் காசு கட்டிக்கிட்டு மென்னு முழுங்கறேன். நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" நான் இலவசத் திட்டத்தை எடுத்து மேசையில் வைத்தேன். முதலில் பல்லைப் பற்றிச் சொன்னேன்.

ஆர்டித் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ எதுல இருக்கே, லீ?"

"எனக்கு வாத்தியாருங்களுக்குன்னு பள்ளிக்கூடம் தர்ற காப்பீடு. அது வேற மாதிரி" என்றேன்.

நான் ஜியில் இருக்கிறேன். இன்றைக்கும்.

ஜனவரியிலிருந்து அவர்கள் பஸ்ஸில். அந்த வருடம் ஆர்டித் அடிக்கடி வந்தாள். இங்கே ஒரு விதி இருக்கிறது. அதில்தான் எனக்குப் பிசகு வந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். துணைக் காப்பீட்டை விட்டு முதன்முறையாக இலவசத் திட்டத்துக்குப் போனவர், ஒரு வருடத்துக்குள் மனம் மாறினால் பழைய திட்டத்துக்கே திரும்பலாம். உடம்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த வருடம் தாண்டிவிட்டால் கேட்பார்கள். கேட்டால், நோயாளியை எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்டித் தனியாக வந்தாள். பூசணிக்காயைப் பற்றிப் பேசினாள், டெல்மர் அறுவடை எந்திரத்தோடு போடும் சண்டையைப் பற்றிப் பேசினாள். தொடையைத் தட்டினாள். கதவருகே நின்றாள், படியில் நின்றாள். காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

கணையத்தில் என்னவோ இருக்கிறதாம். ஒமாஹா நகரத்தில் அதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், ஆனால் அவர் கம்பெனியின் பட்டியலில் இல்லை, அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மகள் ஜனெல் அங்கேயே வீடு வைத்திருப்பதால், குளிர்காலம் முழுக்க வந்து தங்கி வைத்தியம் பார்த்துக்கொள் என்கிறாளாம். எல்லாவற்றையும் பூசணிக்காயைச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"உன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் பாத்தேன் லீ. பழைய திட்டத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்கா?"

விதி என் நாக்கு நுனியில் இருந்தது. விதி மட்டுமில்லை, நிரப்ப வேண்டிய தாளே உள்ளே என் மேசையில் மேலாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் அடுத்த வாரமே ஒமாஹா போயிருப்பாள்.

"ஜனவரியிலயும் ஒரு கதவு திறக்கும் ஆர்டித். இப்ப என்ன அவசரம்? அறுவடை முடியட்டும்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கதவு திறக்கத்தான் செய்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி மெடிகேருக்குத் திரும்பலாம். ஆனால் அதற்குள் அந்த ஒரு வருடம் முடிந்திருக்கும், துணைக் காப்பீடு தர யாரும் இருக்க மாட்டார்கள். அவள் கேட்டது கதவைப் பற்றி, நான் சொன்னதும் கதவைப் பற்றி.

"அப்ப சரி. நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று கண்ணாடியை ஏற்றினாள். அவள் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கால் ஆடவே இல்லை. அதை நான் கவனித்தேன்.

கம்பெனி அனுமதி மறுத்தது. மறுத்தால் அவசர முறையீடு செய்யலாம், மூன்றே நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் சாதாரண முறையீடாக, தபாலில் போட்டோம். ஆர்டித் அவசரம் என்ற சொல்லையே விரும்ப மாட்டாள், தன்னைவிட மோசமானவர்கள் வரிசையில் இருப்பார்களே என்பாள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான், ரத்தம் வழிந்தாலும் துடைத்துக்கொண்டுதான் டாக்டரைக் கூப்பிடுவார்கள். இதையும் நான் அறிந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவள் வருவாள். பதில் வரவில்லை என்பாள், அடுத்த வாரம் பார்ப்போம் என்பேன். பிறகு உட்கார்ந்து பேசுவோம். பள்ளியில் நான் குழல் வாசித்ததை நினைத்து அவள் சிரிக்கும்போது பல்லில் கசகசா தெரியும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேசை மேல் எங்கள் இருவருடைய கோப்பைகளும் இருந்தன. உங்களிடம் மறைக்க எதுவுமில்லை, ஃபிலிஸ் போன பிறகு நான் சந்தோஷமாக இருந்த குளிர்காலம் அது ஒன்றுதான்.

ஜனவரியில் விண்ணப்பித்தோம். துணைக் காப்பீட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. அன்றைக்கு அவள் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். கோட்டு அவளைவிடப் பெரிதாகியிருந்தது.

"நீ சொன்ன மாதிரியே கதவு திறந்துதான் இருக்கு லீ. அந்தப் பக்கம் வீடுதான் இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவளே என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு வருத்தமாக இருக்குமே என்று.

ஒமாஹாவுக்கு அனுமதி வந்தபோது அறுத்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டார். சோளம் விதைக்கிற வாரத்தில் அடக்கம் செய்தோம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஹாம் சாண்ட்விச் தட்டுகளுக்கு நடுவில், டெல்மர் என்னைக் கட்டிக்கொண்டான். "கடைசி வரைக்கும் அவளுக்காக அலைஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா" என்றான். நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் ஒரு மனிதனோடு வாக்குவாதம் செய்வது சரியில்லை.

மகள் ஜனெல்தான் எங்கேயோ அந்த விதியைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவளுக்கும் நான்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் எடுக்கவே மாட்டாள். அவள்கூட, பாவம் அவருக்கு விதி தெரிந்திருக்காது என்றுதான் எழுதியிருக்கிறாளாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிழவர், நல்ல மனசு, பிசகிவிட்டார்.

ஆகவே உங்கள் அறிக்கையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். எனக்கு விதி தெரியும். அவள் கேட்ட அன்றைக்குத் தெரியும், தாள் எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரியும். சொன்னால் அவள் ஒமாஹாவுக்குப் போய்விடுவாள் என்பதால்தான் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் எட்டுப் பத்துப் பேரையும் அதற்காகத்தான் பஸ்ஸில் ஏற்றினேன். அதில் சிலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். டெல்மரும் வாராவாரம் வருகிறான். அவனுக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது, அவனுக்கும் அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. இலையுதிர் காலம் வரட்டும், பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் அவர்களுக்குக் கெடுதல் நினைத்ததில்லை. இந்த ஊரில் என்னளவுக்கு அவர்களை உட்காரவைத்துக் கேட்டவர்கள் யாரென்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

அதற்குள் எழுந்துவிட்டீர்களா? தொடையைக்கூடத் தட்டவில்லை. பரவாயில்லை, கார்வரைக்கும் நானும் வருகிறேன், படி வழுக்கும். வந்தவுடன் சொன்னீர்களே, உங்கள் அம்மாவுக்கு இந்த வருடம் அறுபத்தைந்து என்று. எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.