பேனரில் பெரிய முகம்

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

வைகாசியில் ஒரு நாள் தூத்துக்குடிக்குப் பக்கத்துச் சின்ன ஊரான புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு வாலிபர்கள் நண்பன் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒல்லியானவன் திடீரென்று எழுந்தான்.

"நான் அடுத்த ஸ்டாப்புல இறங்குதேம்ல."

"இறங்கு. ஆனா மண்டப வாசல் பேனர்ல மாப்பிள்ளைய விட ஒன் மூஞ்சிதாம்ல பெருசா இருக்கு."

"என் மூஞ்சியா? எட்டு மாசமா எவன் போனையும் நான் எடுக்கலயே!"

"அதுக்காவ ஒன்னய விட்டுட்டு பேனர் அடிப்போமா? புதுப் போட்டோ கிடைக்கல. பத்தாங்கிளாஸ் படத்தக் குடுத்தோம். அளவு சொல்ல மறந்துட்டோம். மீசை நாங்க வரைஞ்சது."

ஒல்லியானவன் சிரிக்கவில்லை. "டிப்ரஷனுக்கு மாத்திர சாப்பிடுதேன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதிரி பாப்பாவல."

"மாப்பிள்ளைக்கும் தெரியும். 'அவன் பேசாட்டாலும் பரவால்ல, எம் பக்கத்துல வந்து சும்மா நிக்கட்டும்'னு சொல்லுதான்."

பஸ் நின்றது. "இறங்குத ஆளு யாருப்பா?" என்று கண்டக்டர் கேட்டார்.

ஒல்லியானவன் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

"அந்த மீசைய அழிக்க முடியுமால?"

"முடியும். நீதான் ஏணியில ஏறணும்."

இருவரும் சிரித்தார்கள். நான் இறங்க வேண்டிய இடமும் அந்த ஸ்டாப்தான். கேட்டுக்கொண்டே இருந்ததில் விட்டுவிட்டேன்.

எழுதியது: ஆவணி 3, ஞாயிற்றுக்கிழமை.