ஐயரம்மாவுக்கு ஆண்பால் என்ன?

பெரம்பலூரில் பஸ் கிளம்பி அரியலூர் ரோட்டில் திரும்பியபோது, முன் சீட்டு அம்மாள் பக்கத்துப் பெண்மணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எம் பொண்ணு ஐயராவப் போவுதுங்க."

நான் போனை அணைத்துவிட்டேன்.

"ஐயர் வூட்டுக்கு மருமவளாவா?"

"இல்லீங்க, ஐயராவே. எங்க லுத்தரன் கோயில்ல பாதிரியாரைத்தான் ஐயருன்னு கூப்பிடுவோம். அந்தப் படிப்புல சேர்த்துக்கிட்டாங்க."

"அப்ப கல்யாணமெல்லாம் இதுவே பண்ணி வெக்குமா?"

"வெக்கும். பிரசங்கம் பண்ணும், கொழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வெக்கும்."

"இப்ப இருக்கற ஐயரோட சம்சாரத்தை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஐயரம்மான்னு."

"சரி, இதைக் கட்டிக்கிறவரை?"



"போன வாரம் பொண்ணு பார்க்க வந்தவங்களும் இதையேதாங்க கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுட்டாங்க."

ஜன்னலோரம் சாய்ந்து தூங்குவதாக நான் நினைத்திருந்த மகள், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மொதல்ல ஆளு வரட்டும்மா. பேரு வெக்கிறதுதானே என் வேலையே!"