கிடாவின் கயிறு

“நாலு நாளு வலியா, ஆயுசு பூரா கயிறா? நீயே சொல்லு.”

அடையாறிலிருந்து பெசன்ட் நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் மூத்தவள் கேட்டாள். வீட்டில் வளர்க்கும் செம்மறிக் கிடாவைப் பற்றிய பேச்சு.

“அதுக்குன்னு காயடிக்கணுமாக்கா? பாவம் இல்ல?”

“போறவன் வர்றவனையெல்லாம் முட்டுச்சு. ஒரு வருசமா அவுத்தே விடல. மத்த ஆடுங்கோ தெருவெல்லாம் சுத்துது, இது மட்டும் கம்பத்தையே சுத்திகினு கீது. அது வலி இல்லியா?”

“ரொம்ப கத்துச்சா?”

“மரத்துப்போற ஊசி போட்டுத்தான் டாக்டரு செஞ்சாரு. கத்துனது நான்தான். அப்புறம் ரெண்டு நாளு அது தழையத் தொடவே இல்ல. தப்பு பண்ணிட்டமோன்னு எனக்கும் சோறு எறங்கல.”

“இப்போ?”

“மாசம் ரெண்டாச்சு. முட்டுறதே இல்ல. குட்டிங்களோட வெயில்ல படுத்துகினு கீது.”

“ராத்திரிலயாவது கட்டுவியா?”

“எத்த வச்சு கட்டுறது? கயித்த எங்க வூட்டுக்காரரு படகுக்கு எடுத்துகினு போயிட்டாரு.”